கேள்வி-பதில்: வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும் ஆட்டம்

"கபில்தேவ் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்?" என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "கோல்ஃப் ஆடுகிறார், 2024இல் பி.ஜி.டி.ஐ.க்குத் தலைவரும் ஆனார்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. "அப்படியே ஒரு வாரம் கோல்ஃபை மட்டும் எழுதிவிடுங்கள்" என்றார் ஆசிரியர். எனக்கும் ஆசைதான். சென்னையில் ஒரு கோல்ஃப் கிளப் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். மட்டை பிடித்து ஆடத் தெரியாது. ஆடியவர்களுக்கு ரசீது போட்டிருக்கிறேன், அவர்களுக்குப் பை தூக்கியவர்களுக்குக் காசு எண்ணிக் கொடுத்திருக்கிறேன். இனி கடிதங்கள்.

பி.ஜி.டி.ஐ. என்றால் என்ன? ஐ.பி.எல். மாதிரி அணிகள், ஏலம் எல்லாம் உண்டா?
(திருநெல்வேலி வாசகர்)

புரொஃபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா. 2006இல் தொடங்கியது. நம் நாட்டில் ஆண்களுக்கான தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் அமைப்பு. வழக்கமான போட்டிகளில் அணி கிடையாது, ஏலம் கிடையாது, சம்பளமும் கிடையாது. சண்டிகர், டெல்லி, ஜெய்ப்பூர், அகமதாபாத், கொல்கத்தா, பெங்களூரு, அசாமில் எண்ணெய்க்குப் பேர்போன டிக்பாய் என்று ஊர் ஊராகப் போட்டி நடக்கும். போகிறவர் தன் செலவில் போய், நுழைவுக் கட்டணம் கட்டி ஆட வேண்டும். ஒரு போட்டி நான்கு நாள். நாளுக்கு 18 குழி, மொத்தம் 72. குறைந்த அடிகளில், அதாவது பந்தைக் குறைந்த தடவை அடித்து, முடித்தவருக்கு முதல் பரிசு. வருஷம் முழுக்க அதிகப் பரிசுப் பணம் சேர்த்தவர் 'ஆர்டர் ஆஃப் மெரிட்' பட்டியலில் முதலிடம். சீசன் முடிவில் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் பெயரில் ஒரு பெரிய போட்டி உண்டு. பெல்டி, கோல்முரி என்று இரண்டு மைதானங்களில் அது நடக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். உலகத்தின் பெரிய கோல்ஃப் போட்டிகள் ஞாயிற்றுக்கிழமை மாலை முடியும். பி.ஜி.டி.ஐ.யில் பல போட்டிகள் செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும். சனி, ஞாயிறு மைதானம் கிளப் உறுப்பினர்களுக்கு வேண்டும். தொழிலுக்கு ஆடுகிறவர் அதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். யாருடைய இடத்தில் யார் ஆடுகிறார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

கோல்ஃப் வீரர்கள் கோடி கோடியாகச் சம்பாதிப்பதாகப் படிக்கிறோம். நம் ஆட்களும் அப்படித்தானா?
(ஈரோட்டிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி)

வியாபாரி என்பதால் உங்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். பரிசுத் தொகை மொத்தம் 1 கோடி ரூபாய் என்று போட்டால், முதல் பரிசு அதில் 15 லட்சம். மீதிப் பணம் கீழே இறங்க இறங்கக் கரைந்துகொண்டே போகும். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் வருவதற்கே ஒரு வாசல் இருக்கிறது. அதற்குக் 'கட்' என்று பெயர். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆடத் தொடங்குவார்கள். இரண்டாம் நாள் மாலை கோடு கிழித்து, முதல் 50 இடங்களையும் அதே கணக்கில் இருப்பவர்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போகிறவருக்கு ஒரு பைசா கிடையாது. நுழைவுக் கட்டணம், ரயிலோ விமானமோ, தங்கும் அறை, சாப்பாடு, பை தூக்கியவருக்குக் கூலி எல்லாம் கைக்காசு. அறை வாடகையைப் பாதியாக்க இரண்டு, மூன்று பேர் சேர்ந்து தங்குவது சகஜம்.

அந்த இரண்டாம் நாள் மாலையைத்தான் நான் அதிகம் கவனித்திருக்கிறேன். காலையிலேயே ஆடி முடித்தவன் கிளம்பவும் முடியாது, இருக்கவும் முடியாது. செல்போனில் லைவ் ஸ்கோரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பான். மதியம் கிளம்பியவர்கள் கடைசிக் குழிகளில் தடுமாறினால் கோடு ஒரு அடி தளரும், இவன் உள்ளே வந்துவிடுவான். அதாவது இன்னொருவன் தவறவிடவேண்டும் என்று காத்திருக்கிறான். பக்கத்தில் பை தூக்கியவர் ஈரத்துண்டால் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை துடைத்ததையே திரும்பத் துடைப்பார். அவருக்கும் அதே கணக்குதான் மனதில் ஓடும். ஆள் கட் தாண்டினால் இவருக்கு இன்னும் இரண்டு நாள் கூலி.

மேலே இருப்பவர்கள் கதை வேறு. 2024இல் முதலிடம் பிடித்த குருகிராம்காரர் வீர் அஹ்லாவத் ஒரே சீசனில் ஒன்றரைக் கோடிக்கு மேல் எடுத்தார். அதுவும் நாட்டுக்குள் கிடைத்த கணக்கு. அமெரிக்கா போனால் எண்களுக்கு வேறு சைஸ். 2022இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் நம் அனிர்பன் லாஹிரி ஒரே ஒரு அடியில் கேமரன் ஸ்மித்திடம் முதலிடத்தைத் தவறவிட்டார். அந்த இரண்டாம் இடத்துக்குக் கிடைத்தது 21.8 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 16 கோடி ரூபாய்க்கு மேல். இங்கே பத்து வருஷம் முதலிடத்திலேயே இருந்தாலும் சேராத பணம்.

கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு. அதைப் பற்றி எழுதி எங்களுக்கு என்ன ஆகப்போகிறது?
(கரூர் வாசகர், கொஞ்சம் கோபமாக)

கோபம் நியாயம்தான். கிளப் உறுப்பினர் கட்டணத்தை எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா? விளையாட்டு பணக்காரர்களுடையது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தியாவில் அதைத் தொழிலாக்கியவர்களில் பாதிக்கதை கேடிகளின் கதை. (பை தூக்குபவரைச் சொல்கிறேன், போலீஸ் பட்டியல் ஆள் இல்லை.)

இந்தியன் ஓப்பன் 1964இல் தொடங்கியது. பிரிட்டனின் 'ஓப்பன்' பட்டத்தை ஐந்து தடவை வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன்தான் அதற்கு முக்கியக் காரணம். மறுவருஷமே பில்லூ சேத்தி என்ற இந்தியர் வென்றார், ஆனால் அவர் அமெச்சூர், பணத்துக்கு ஆடாதவர். அதன்பிறகு ஒரு இந்தியத் தொழில்முறை வீரர் அந்தக் கோப்பையைத் தொட 1991 வரை ஆயிற்று. தொட்டவர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கி வளர்ந்தவர். 1993இல் மறுபடியும் ஜெயித்து, முதல் தடவை அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் வாயை அடைத்தார். 2009இல் ஜெயித்த சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். கொரியாவின் லீ சுங்கோடு சமமாக முடித்து, பிளே-ஆஃபில் (சமனை முறிக்க ஆடும் கூடுதல் ஆட்டம்) ஜெயித்தார்.

மத்தியப் பிரதேசத்தில் மவ் என்று ஒரு ராணுவக் கன்டோன்மென்ட் ஊர், அம்பேத்கர் பிறந்த ஊர். அங்கே பை தூக்கத் தொடங்கியவர் முகேஷ் குமார். உள்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பட்டங்களை வென்றும் வெளியே அவர் பெயர் அவ்வளவாகத் தெரியாது. 2016இல் டெல்லியில் பேனசோனிக் ஓப்பனை வென்று தன் முதல் ஏஷியன் டூர் பட்டத்தை எடுத்தபோது வயது 51. மற்றவர்கள் ஓய்வு பெற்று வர்ணனைக்குப் போகும் வயதில் இவருக்கு முதல் பட்டம்! அதே மவ்விலிருந்து வந்த ஓம் பிரகாஷ் சௌஹான் 2023இல் பி.ஜி.டி.ஐ. பட்டியலில் முதலிடம் பிடித்தார்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால், திங்கட்கிழமையைத்தான் சொல்ல வேண்டும். பல கிளப்புகளில் திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு விடுமுறை, புல்லுக்குப் பராமரிப்பு நாள். அன்றைக்குத்தான் கேடிப் பையன்கள் மைதானத்தில் இறங்க முடியும். உறுப்பினர் ஒருவர் கொடுத்த பழைய மட்டை ஒன்று, புதரில் பொறுக்கிய பந்து நான்கு. எங்கள் கிளப்பில் ஒரு பையன் ஒரே ஒரு ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை வைத்துக்கொண்டு எல்லா அடியையும் அடிப்பான். தூரம் வேண்டுமென்றால் மட்டையின் முகத்தைக் கொஞ்சம் மூடிப் பிடிப்பான், உயரம் வேண்டுமென்றால் விரித்துப் பிடிப்பான். கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) வந்ததும் மட்டையின் விளிம்பால் பந்தைத் தள்ளிக் குழியில் போடுவான். பதினான்கு மட்டை வைத்திருந்த மெம்பர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருவர் கூட வாய்விட்டுப் பாராட்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கரூர் அன்பரே, இது போதுமா, இன்னும் கோபமா?

உங்களுக்குப் பிடித்த வீரர் யார்? ஒருவரை மட்டும் சொல்லுங்கள்.
(தஞ்சாவூர் கல்லூரி மாணவி)

எஸ்.எஸ்.பி. சௌராசியா. யோசிக்கவே வேண்டாம்.

ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கிளப் கிடையாது. அங்கே புல்தரையைப் பராமரித்த ஒரு தொழிலாளியின் மகன்தான் சௌராசியா. ஆள் குள்ளம், தூரமாக அடிக்க வராது. ஆனால் கிரீனுக்கு ஐம்பது கஜத்துக்குள் வந்துவிட்டால் மனுஷனைப் பிடிக்க முடியாது. சிப் அடிப்பதிலும் (பக்கத்திலிருந்து பந்தைக் கிரீனுக்குத் தூக்கிப் போடுவது) பட் போடுவதிலும் (கிரீனில் உருட்டிக் குழியில் விடுவது) உள்ள கெட்டிக்காரத்தனத்துக்காகவே கூட ஆடுகிறவர்கள் அவருக்கு 'சிப்புட்சியா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் வென்றபோதுதான் வெளி உலகத்துக்குத் தெரிந்தார். அது ஐரோப்பிய டூர் போட்டி. உலகப் பெயர்கள் நிறைய வந்திருந்தன.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தியன் ஓப்பன் விஷயம். அந்தக் கோப்பை அவருக்குக் கைக்கெட்டி வாய்க்கெட்டாமலே போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் இடம், மறுபடி இரண்டாம் இடம். 2015இல் மூன்று நாள் முடிந்தபோது அவர்தான் முன்னிலை. லாஹிரி ஏழு அடி பின்னால். ஏழு அடி என்பது ஒரே நாளில் எட்டிப் பிடிக்கிற தூரம் அல்ல. கடைசி நாள் இவர் சறுக்க, அவர் ஏற, இருவரும் சமமாக முடித்தார்கள். பிளே-ஆஃபில் லாஹிரி ஜெயித்துவிட்டார். தோற்ற விதம் அப்படி. வேறொருவராக இருந்தால் அதோடு மனசு விட்டிருக்கும்.

அடுத்த வருஷம் அதே டெல்லி மைதானம், அதே போட்டி. இந்தத் தடவை லாஹிரி இரண்டாம் இடத்தில் முடிக்க, சௌராசியா ஜெயித்தார். 2017இல் போட்டி குருகிராமில் டி.எல்.எஃப். மைதானத்துக்கு மாறியது. தென்னாப்பிரிக்காவின் பழைய சாம்பியன் கேரி பிளேயர் வடிவமைத்த, பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் மைதானம். தூரம் அடிக்க முடியாதவருக்கு அங்கே வேலை இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஏழு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார்! 2015இல் கைவிட்டுப் போன அதே ஏழு. இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் நானே "ரொம்ப ஜோடனை" என்று ஒதுக்கியிருப்பேன்.

ஜீவ் மில்கா சிங், அர்ஜுன் அத்வால், லாஹிரி... இவர்களில் யார் பெரியவர்?
(சேலம் வாசகர்)

ஒவ்வொருவரும் ஒரு கதவைத் திறந்தவர்கள். ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கின் மகன் ஜீவ், 1998இல் ஐரோப்பிய டூரில் இடம் பிடித்த முதல் இந்தியர். ஏஷியன் டூர் பட்டியலில் 2006, 2008 என இரண்டு தடவை முதலிடம். அர்ஜுன் அத்வால் 2010இல் விண்டம் சாம்பியன்ஷிப் வென்று, அமெரிக்க பி.ஜி.ஏ. டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார். அந்தப் போட்டிக்குள் நுழையவே திங்கட்கிழமை தகுதிச் சுற்றில் ஆடி இடம் பிடிக்க வேண்டியிருந்தது. இவருக்கும் ஒரு திங்கட்கிழமை! ககன்ஜீத் புல்லர் ஏஷியன் டூரில் 11 பட்டம் எடுத்திருக்கிறார், இந்தியர்களில் அவருக்குத்தான் அதிகம். சுபங்கர் ஷர்மா 2023இல் அதே பிரிட்டன் 'ஓப்பன்' போட்டியில் எட்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார், அந்தப் போட்டியில் எந்த இந்தியரும் அதுவரை அவ்வளவு மேலே முடித்ததில்லை. லாஹிரி 2015இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்தார். பெரியவர் யார் என்று கேட்டால் சாதனைக் கணக்கில் ஜீவ், எட்டிய உயரத்தில் லாஹிரி. மனசுக்கு யார் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

பி.ஜி.டி.ஐ. பட்டியலில் முதலிடம் பிடித்தால் இப்போது ஒரு பெரிய லாபம், ஐரோப்பாவின் டி.பி. வேர்ல்டு டூரில் அடுத்த சீசன் ஆட அனுமதி கிடைக்கிறது. 2022இல் முதலிடம் பிடித்த மனு கண்டாஸ் அப்படித்தான் போனார், அவருக்குப் பின் சௌஹான், அஹ்லாவத். போனவர்கள் எல்லாரும் அங்கே நிலைத்தார்கள் என்று சொல்ல முடியாது. குளிர், காற்று, வாராவாரம் ஒரு நாடு. மவ்விலிருந்து போகிறவருக்கு அது சாதாரண மாற்றமா?

தமிழர் யாரும் இதில் இல்லையா?
(இதே கேள்வி பல ஊர்களிலிருந்து)

இருக்கிறார்கள், இலங்கையிலிருந்து. என். தங்கராஜா, கே. பிரபாகரன் இருவரும் பி.ஜி.டி.ஐ.யில் ஆடுகிறவர்கள். தங்கராஜா பட்டங்களும் வென்றிருக்கிறார். இலங்கை, வங்கதேச வீரர்களுக்கு அவர்கள் நாட்டில் இவ்வளவு பெரிய டூர் இல்லாததால் இதுதான் பிழைப்புக் களம். டாக்காவில் பந்து பொறுக்கும் பையனாக இருந்து வந்த சித்திகுர் ரஹ்மான் 2013இல் இந்தியன் ஓப்பனையே வென்றார். கொழும்பு ராயல் கோல்ஃப் கிளப் மைதானத்துக்கு நடுவே களனிவெளி ரயில் பாதை போகிறது என்பது கூடுதல் தகவல். அங்கே பழகினவருக்கு வேறு எந்தச் சத்தமும் கவனத்தைக் கலைக்காது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் மைதானங்களுக்குக் குறைச்சல் இல்லை. நந்தனத்தில் ஒன்று, கோயம்புத்தூர், ஊட்டி, கொடைக்கானல். கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள்ளும் முன்பு ஒன்று இருந்தது. பி.ஜி.டி.ஐ.க்குக் கபில்தேவுக்கு முன் தலைவராக இருந்த எச்.ஆர். சீனிவாசன் சென்னைத் தொழிலதிபர்தான். ஆனாலும் ஜீவ், சௌராசியா மாதிரி ஒரு பெயர் நம்மிடமிருந்து வரவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் இது. வடக்கே இரண்டு வழி இருந்தது. ஒன்று கேடி வழி. இன்னொன்று ராணுவ வழி: லாஹிரியின் அப்பா ராணுவ மருத்துவர், சுபங்கரின் அப்பா ராணுவ அதிகாரி. ராணுவ மைதானத்தில் அதிகாரியின் பிள்ளை குறைந்த செலவில் நாள் முழுக்க ஆடலாம். நம் பக்கம் கேடிப் பையன் நன்றாக ஆடினால், "பரவாயில்லையே" என்று சொல்லி மறுநாள் பையைத் தூக்க வைத்துவிடுவோம். அப்புறம் அவன் ஆட்டோ ஓட்டப் போய்விடுவான். எங்கள் ஏழாம் நம்பர் மட்டைப் பையன் அப்படித்தான் போனான்.

ரோரி மெக்கில்ராய் டெல்லிக்கு வந்தபோது டிரைவர் மட்டையையே எடுக்கவில்லையாமே. நிஜமா?
(புதுச்சேரி வாசகர்)

நிஜம். 2025 அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் டி.பி. வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் நடந்தது. பரிசு 40 லட்சம் டாலர். அந்த மைதானம் நகரத்துக்கு நடுவே ஒரு காடு. ஃபேர்வே (பந்து விழ வேண்டிய வெட்டிய புல் பாதை) ஒடுக்கம், இரண்டு பக்கமும் முள்புதர். நடுநடுவே பழைய கல்லறை மண்டபங்கள், மயில்கள். மெக்கில்ராய் உலகத்திலேயே தூரமாக அடிப்பவர்களில் ஒருவராக இருந்தாலும், பந்து புதருக்குள் போனால் தேடி எடுத்தும் அடிக்க இடம் இருக்காது. அதனால், தூரம் அடிக்க உதவும் டிரைவர் மட்டையை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சின்ன மட்டைகளால் ஆடினார். கடைசியில் ஜெயித்தவர் டாமி ஃப்ளீட்வுட். அலி ஷேர், ஷமீம் கான், ரஷீத் கான் எல்லாரும் அந்தப் புதர்களுக்குள் வளர்ந்தவர்கள். நேராக அடிக்கும் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

கோல்ஃபில் அம்பயர் எங்கே நிற்பார்?
(மதுரை, எட்டாம் வகுப்பு மாணவன்)

நல்ல கேள்வி, தம்பி. நிற்கவே மாட்டார். சிக்கல் வந்தால் கூப்பிட ரெஃப்ரி இருப்பார், ஆனால் உன் அடிகளை எண்ண ஆள் கிடையாது. உன் கூட ஆடும் போட்டியாளர்தான் உன் ஸ்கோரை எழுதுவார். அவருடையதை வேறொருவர் எழுதுவார். முடித்ததும் ஸ்கோர் கூடாரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு குழிக்கும் எழுதியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குழியில் உண்மையாக அடித்ததைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். கூடுதலாக எழுதியிருந்தால்? அந்தக் கூடுதல்தான் உன் கணக்கு, மாற்ற முடியாது.

எங்கள் கிளப்பில் போட்டி நடந்தபோது அந்த மேஜையில் என்னை உட்கார வைத்தார்கள். வெயிலில் ஐந்து மணிநேரம் நடந்து வந்தவர்கள் விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, உதட்டை அசைத்து, "நாலு... அஞ்சு... நாலு... அது ஆறா? ஆமா, தண்ணிக்குள்ள போச்சே" என்று தங்களுக்கே சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் கட் கோட்டில் இருந்தார். கூட ஆடியவர் எழுதிய அட்டையில் ஒரு குழிக்கு நாலு என்று இருந்தது. இவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இல்லைங்க, அஞ்சு. புதர்கிட்ட மட்டையை வெச்சப்போ பந்து அசைஞ்சுது, நீங்க பாக்கல" என்று திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு அடியில் கட் போயிற்று. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். யாரும் கைதட்டவில்லை, ஏனென்றால் அங்கே அது வழக்கம்.

ஐ.ஜி.பி.எல். என்று ஒன்று வந்திருக்கிறதாமே?
(திருச்சி வாசகர்)

ஆமாம், இந்தியன் கோல்ஃப் பிரீமியர் லீக், 2025இல் வந்தது. புல்லர் மாதிரிப் பெரிய பெயர்கள் அந்தப் பக்கம் போனார்கள். பி.ஜி.டி.ஐ.க்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு கடை திறந்தால் விலை ஏறும் என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். பட்டியலில் எண்பதாம் இடத்தில் இருப்பவனுக்கு எந்தக் கடையில் இடம் என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

என் மகன் பத்தாம் வகுப்பு. விடுமுறையில் உறவினரோடு கோல்ஃப் ஆடப் போய், இப்போது அதையே தொழிலாக்க வேண்டும் என்கிறான். விடலாமா?
(கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா)

ஆடவிடுங்கள் அம்மா, தொழிலைப் பற்றி இப்போதே முடிவு செய்யாதீர்கள். முதலில் அமெச்சூராக ஆடட்டும். இந்தியன் கோல்ஃப் யூனியன் ஜூனியர்களுக்கும் அமெச்சூர்களுக்கும் போட்டிகள் நடத்துகிறது. அங்கே மற்ற மாநிலப் பிள்ளைகளோடு மோதும்போதுதான் தன் அளவு அவனுக்கே தெரியும். சொந்த மைதானத்தில் நன்றாக ஆடுவது கணக்கில்லை. தெரியாத ஊரில், தெரியாத கிரீனில், நான்கு நாள் தொடர்ந்து பார் (மைதானத்துக்கு என்று வகுத்திருக்கும் அடிக்கணக்கு) அளவுக்கு ஆடுகிறானா என்று பாருங்கள். அப்புறம் கியூ ஸ்கூல் இருக்கிறது. பெயர்தான் ஸ்கூல், அது ஒரு தகுதிப் போட்டி. வருஷா வருஷம் நடக்கும். அதில் மேலே வந்தால்தான் பி.ஜி.டி.ஐ.யில் ஆட கார்டு கிடைக்கும். சுபங்கர் ஷர்மா பதின்வயதிலேயே புரொஃபஷனல் ஆனார் என்று மகன் உங்களிடம் சொல்லக்கூடும். சொன்னால், அதே வருஷம் ஆனவர்களில் எத்தனை பேர் பெயர் உனக்குத் தெரியும் என்று கேளுங்கள்.

செலவுக்கு உங்களால் எத்தனை வருஷம் தாங்க முடியும் என்று இப்போதே மனதுக்குள் ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். அதை அவனிடமும் சொல்லிவிடுங்கள். படிப்பை நிறுத்த வேண்டாம். ஆட்டம் கைகொடுக்காவிட்டாலும் பயிற்சியாளராக நல்ல வாழ்க்கை இருக்கிறது. நேஷனல் கோல்ஃப் அகாடமி அதற்கான சான்றிதழ்ப் பயிற்சி தருகிறது. எனக்குத் தெரிந்து, போட்டியில் ஆடி எடுத்ததைவிடச் சொல்லிக்கொடுத்து அதிகம் எடுத்தவர்கள் உண்டு.

சென்னையில் பி.ஜி.டி.ஐ. போட்டி வந்தால் நாங்கள் போய்ப் பார்க்கலாமா? டிக்கெட் எவ்வளவு?
(தாம்பரம் வாசகர்)

பெரும்பாலும் டிக்கெட் இருக்காது. வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போகலாம். முன்கூட்டியே கிளப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ. தொப்பி, தண்ணீர். போனைச் சைலண்டில் போடுங்கள். ஒருவர் பந்துக்கு முன் நின்றுவிட்டால் நீங்களும் நில்லுங்கள், அடித்த பிறகு நடக்கலாம். கிரிக்கெட் மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. பிடித்த ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து அவர்கள் பின்னாலேயே ஐந்தாறு குழி நடங்கள். காலையிலேயே போய் அலைய வேண்டாம். கடைசி நாளில் முன்னணியில் இருப்பவர்களைத்தான் கடைசியாகக் கிளப்புவார்கள், அதனால் மதியத்துக்குப் போனால் போதும். அதற்கு ஆபீஸில் லீவு சொல்ல வேண்டியிருக்கும், வெள்ளிக்கிழமை.